கட்டில் காலில் பூட்டிய சக்கரம்

நான்கு வருஷமாகக் கட்டிலை விட்டு இறங்காத மீட்டரம்மாவின் இரண்டு உள்ளங்கால்களிலும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு ஈரச் சேறு அப்பியிருந்தது. வலது காலில் கொஞ்சம் கூடுதல். சுண்டுவிரல் இடுக்கில் ஒரு புல் வேறு செருகி நின்றது. அதற்கு முந்தைய பதினெட்டு நாளும் ஊரில் சொட்டு மழை கிடையாது. உடம்பு துடைத்துவிட வெந்நீர்ப் பாத்திரமும் துண்டுமாக வந்த அவளுடைய புருஷன், காகித ஆலையில் முப்பத்தாறு வருஷம் பேரிங் மாட்டி ஓய்வு பெற்ற ஃபிட்டர், போர்வையை விலக்கியதும் பாத்திரத்தைக் கீழே போட்டார். வெந்நீர் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். சந்தேகமே இல்லை, ஆற்றங்கரைச் சேறு. அந்த வீட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு எட்டு கிலோமீட்டர்.

ஃபிட்டர் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. பால்காரர் ஊற்றும் பாலில் விரலை முக்கிப் பார்ப்பார். டாக்டர் எழுதியதை மருந்துக் கடைக்காரரிடம் கேட்பார், மருந்துக் கடைக்காரர் சொன்னதை இன்னொரு மருந்துக் கடையில் கேட்பார். அதனால் சேற்றைப் பார்த்ததும் அதிசயம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: நாலு வருஷமாக இவள் நம்மை ஏமாற்றியிருக்கிறாள்.

"எங்கடி போயிட்டு வந்த?"

"எங்க போவேன்? எந்திரிச்சு உங்க தலை மேலதான் நடக்கணும்."

"கால்ல சேறு எப்படி வந்தது?"

"என்னைக் கேட்டா? எனக்குக் கால் இருக்கான்னே தெரியல. இருக்கற ஆளு நீங்கதான், நீங்களே சொல்லுங்க."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அன்று சாயங்காலம் கட்டிலைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு முகப்பவுடரைக் கொட்டிப் பரப்பினார். அவள் படுத்தபடியே அதைப் பார்த்து, "கட்டிலுக்குக் கல்யாணமா?" என்று கேட்டாள். மறுநாள் விடிந்ததும் தரையில் மண்டியிட்டுக் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு ஆராய்ந்தார். பவுடரில் எறும்பு ஊர்ந்த தடம்கூட இல்லை. போர்வையை விலக்கினால், கணுக்கால் வரை செம்மண் புழுதி. இடது குதிகாலில் ஒரு முள். அதைக் குறட்டால் பிடுங்கினார். அவளுக்கு வலிக்கவில்லை.

ஆலையில் ஒரு விதி உண்டு. ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று கோளாறு பண்ணினால், கடைசியாக அதில் எதை மாற்றினோம் என்று பார்க்க வேண்டும். ஃபிட்டர் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அந்த அறையில் கடைசியாக மாற்றியது எலிச் சக்கரம்.

எலி என்று அவர்தான் சொல்வார். அது ஹாம்ஸ்டர். மகள் வேறு வீட்டுக்குக் குடி போனபோது, அங்கே பிராணி வளர்க்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், கூண்டோடு கொண்டுவந்து அம்மாவின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பழுப்பும் வெள்ளையுமாகக் கைக்குள் அடங்கும் பிராணி. பகலெல்லாம் பஞ்சுக்குள் சுருண்டு கிடக்கும். தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு எழும், முகம் கழுவும், கன்னம் இரண்டிலும் விதைகளை அடைத்துக்கொள்ளும், சக்கரத்தில் ஏறும், விடிகிற வரை ஓடும். "ராவெல்லாம் ஓடுது, ஒரு இடமும் போய்ச் சேரல, ஆனா ரொம்ப வேலை இருக்கற மாதிரியே மூஞ்சிய வச்சிருக்கு. மேனேஜர்னு பேர் வைங்க" என்று மீட்டரம்மா சொன்னாள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

மேனேஜரின் பழைய சக்கரம் கடையில் வாங்கிய பிளாஸ்டிக். உள்ளங்கை அளவு. அதற்குள் ஓடும்போது முதுகு வாழைப்பழம் மாதிரி வளைந்தது. ஏணிப்படி மாதிரிக் கம்பி வைத்திருந்ததில் ஒருநாள் பின்னங்கால் மாட்டிக்கொண்டு கீச்சென்று கத்தியது. இதையெல்லாம்விட ஃபிட்டரால் பொறுக்க முடியாதது சக்கரத்தின் கிரீச் சத்தம். சுற்றுகிற பொருள் சத்தம் போட்டால் மாட்டியவனுக்கு அவமானம் என்று நினைக்கிறவர். ஒரு திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து புதிய சக்கரம் செய்தார். அகலமான அலுமினியப் பாத்திரத்தை வெட்டி, கால் வழுக்காமலிருக்க உள்ளே கார்க் ஒட்டி, நடுவில் ஆலையிலிருந்து வந்த பேரிங்கை இறக்கினார். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு நிமிஷம் மூச்சுக் காட்டாமல் சுற்றியது. கூண்டு வைத்திருந்த மேஜை ஆடியது. ஆடுகிற மேஜையில் சுற்றுகிற சாமானை வைப்பது ஃபிட்டரின் சாதியில் கிடையாது. சுழல்வது எதுவானாலும் அறையில் இருக்கிற ஆகக் கனமான இரும்போடு சேர்த்துப் பூட்ட வேண்டும் என்பது அவர்கள் ஒழுங்கு. அந்த அறையில் ஆகக் கனமான இரும்பு மீட்டரம்மாவின் கட்டில். கட்டில் காலில் துளை போட்டு, சக்கரத்தின் தண்டைக் கூண்டின் பக்கவாட்டில் நுழைத்து, இரண்டு போல்ட் போட்டு இறுக்கினார். உலகத்தில் இத்தனை ஹாம்ஸ்டர் ஓடியும் மற்ற வீடுகளில் ஒன்றும் நடக்காததற்கும் இந்த வீட்டில் நடந்ததற்கும் வித்தியாசம் அந்த இரண்டு போல்ட்டுகள்தான்.

சக்கரத்தின் மேல்தான் சந்தேகம் என்று அவளிடம் சொன்னார். மீட்டரம்மாவும் அதுவரை சொல்லலாமா வேண்டாமா என்று இருந்ததைச் சொன்னாள். அது ஓட ஆரம்பித்ததும் தனக்கு ஒரு ரோடு தெரிகிறது. கனவு மாதிரி இல்லை, கண் திறந்திருந்தாலும் தெரிகிறது. நடக்கிறாள். இருபத்தாறு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் படித்தவளுக்கு நடப்பது மறந்துபோகுமா? ஒரு வீட்டுக் கொல்லையில் ஸ்டூலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே எல்லாம் போன அன்றிலிருந்து அவள் கேட்டதும் வேறொன்றுமில்லை. மேனேஜர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சக்கரத்தை விட்டு இறங்கும், மூக்கைத் தூக்கி நாலு பக்கமும் பார்க்கும், மறுபடி ஏறும். அந்த நேரத்தில் இவள் மைல்கல்லில் உட்கார்ந்து கொள்கிறாள். விடிந்து அது பஞ்சுக்குள் போனதும் ரோடு மறைந்துவிடுகிறது. சாயங்காலம் நேற்று விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது.

"எந்தப் பக்கமா போற?" என்று ஃபிட்டர் கேட்டார்.

"நம்ம வீட்டுக்கு முதுகு காட்டித்தான்."

இந்த ஒரு வார்த்தை அவருக்குச் சேறு, முள் எல்லாவற்றையும்விடப் பெரிய அடியாக இருந்தது. அன்றிலிருந்து அவருடைய கவலை, கால் எப்படி நடக்கிறது என்பதாக இல்லை. இவள் திரும்பி வருவாளா என்பதாக ஆனது. ஆலையிலிருந்து எடுத்து வைத்திருந்த எண்ணும் கருவியைச் சக்கரத்தில் மாட்டினார். ஒரு சுற்றுக்கு மூன்றடி. காலையில் பார்த்தால் ஒன்பதாயிரத்து அறுநூறு சுற்று. ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் மனைவி ஒன்பது கிலோமீட்டர் விலகிப் போய்க்கொண்டிருந்தாள், அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு. போல்ட்டைக் கழற்றிக் கூண்டைத் திருப்பி மாட்டிப் பார்த்தார். அப்படியாவது எதிர்த் திசையில் ஓடும் என்று கணக்கு. மேனேஜர் ஏறி, நிதானமாக உடம்பைத் திருப்பிக்கொண்டு, பழையபடி ஜன்னலைப் பார்த்தே ஓடியது. இடப்பக்கமாக ஏறுவது, ஜன்னலைப் பார்த்து ஓடுவது: அதன் பழக்கம் அப்படி. அதை மாற்ற ஃபிட்டரால் மட்டுமல்ல, அதைப் படைத்தவனாலும் முடிந்திருக்காது.

மூன்று மாதம் கழித்து வந்து பார்த்த டாக்டர் மீட்டரம்மாவின் கெண்டைக்காலைப் பிடித்ததும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். நாலு வருஷம் படுத்தவளின் கால் குச்சியாக இருக்க வேண்டும். இது தினமும் மலை ஏறுகிறவளின் கால். சுத்தியலால் முட்டியில் தட்டினார், ஊசியால் குத்தினார். உணர்ச்சி சுத்தமாக இல்லை. உள்ளங்காலில் தோல் செருப்பு மாதிரி காய்த்திருந்தது.

"யார் எக்ஸர்சைஸ் குடுக்கறா?" என்றார் டாக்டர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"எலி" என்றார் ஃபிட்டர்.

டாக்டர் சிரிக்கவில்லை. பையை மூடிக்கொண்டு போனவர் அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

ஆனால் திரும்பி வருவாளா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நேராகக் கேட்கவும் ஃபிட்டருக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளிடம், என்னை விட்டுப் போகிறாயா என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்பதற்குப் பதில் அவர் ஒருநாள் சாயங்காலம் பதினாறாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துச் சக்கரத்துக்குள் குறுக்கே செருகிவிட்டார். மேனேஜர் வந்து ஏறிப் பார்த்தது, தள்ளிப் பார்த்தது, பிறகு கூண்டுக் கம்பியைப் பல்லால் கடிக்க ஆரம்பித்தது. சக்கரம் இல்லாத ஹாம்ஸ்டர் வேலை போன மேஸ்திரி மாதிரி, கையில் அகப்பட்டதை எல்லாம் பாழாக்கும். கடிக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார். காலையில் போர்வையைத் தொட்டால் பிழிந்தால் வடிகிற ஈரம். தலையணை ஊறிப்போயிருந்தது. மீட்டரம்மாவின் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, பல் கிட்டித்துப் போயிருந்தது. கூரை காய்ந்திருந்தது, சுவர் காய்ந்திருந்தது, கட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருந்த செய்தித்தாள் மொடமொடவென்று இருந்தது. மழை அந்தக் கட்டிலுக்கு மட்டும் பெய்திருந்தது.

"சக்கரம் நின்ன இடத்துலதான் நான் நிக்கணும்" என்றாள் அவள், நடுங்கிக்கொண்டே. "ஒதுங்க ஒரு குட்டிச்சுவரு இல்ல. காலு என்னோடதா இருந்தா நகர மாட்டேனா?"

ஃபிட்டர் துவட்டிவிட்டார், துணி மாற்றினார், ஆனால் ஸ்பேனரை எடுக்கவில்லை. அவ்வளவு பயம் அவருக்கு. அதுவரை சாயங்காலம் வந்து விடியலில் மறைந்த ரோடு, சக்கரத்தைக் கட்டிப்போட்டதும் பகலிலும் அவளை விடவில்லை. மறுநாள் நடுப்பகலில் அவள் முகமும் கையும் வெயிலில் கருகித் தோல் உரிந்தது. ஜன்னல் சாத்தி, திரை போட்ட அறை அது. உதடு வெடித்துக்கிடந்தது.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், ஒரு மரத்தடி வரைக்குமாவது அதை ஓட விடுங்க."

அவர் ஸ்பேனரைப் பிடுங்கி எறிந்தார். அது போய் அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. மேனேஜர் பட்டப்பகலில் ஏறி ஓடியது. நாற்பது சுற்று ஓடியதும் மீட்டரம்மா கண்ணை மூடி, "நிழலு" என்றாள். ஃபிட்டர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தன் கையால் தன் பெண்டாட்டியை நடுரோட்டில் நிற்க வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அன்றைக்குப் பிறகு அந்தச் சக்கரத்தை அவர் கை வைத்து நிறுத்தியதில்லை.

அதன் பின் ஒன்றரை வருஷம் போனது. காலையில் பாதம் கழுவும்போது எந்த ஊர் மண் என்று பார்ப்பதே அவர் வேலையாகிவிட்டது. செம்மண் போய்க் கரிசல் வந்தது. கரிசல் போய் இரண்டு மாதம் வெறும் தார் வந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். ஒரு வாரம் கடல் மணல் வந்தது. விரலிடுக்கில் கிளிஞ்சல் துண்டு இருந்தது. ஒருமுறை பனி. பாதம் நீலம் பாரித்திருந்ததைக் கண்டு, இறந்துவிட்டாள் என்றே நினைத்துக் கத்திவிட்டார். அவள் விழித்துக்கொண்டு, "ஏன் இப்படி அலறறீங்க? கம்பளி எடுத்துப் போடுங்க" என்றாள்.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டு லாரிக்காரர் பத்து நாள் வெளியூர் ஓட்டம் முடிந்து வந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் நேராக ஃபிட்டர் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, அண்ணிக்கு எப்ப குணமாச்சு? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா."

"யாருக்குக் குணமாச்சு?"

"விளையாடாதீங்கண்ணே. தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு அந்தாண்ட, உப்பு லோடு ஏத்திட்டு வரேன். ரோட்டோரமா செருப்பில்லாம போய்க்கிட்டு இருக்காங்க. வண்டிய நிறுத்தி ஏறுங்க அண்ணின்னேன். வேணாம்பா, நீ போ, நான் வந்து சேந்துக்கறேன்னாங்க."

ஃபிட்டர் அவர் சட்டையைப் பிடித்தார். "எங்க வந்து சேந்துக்கறேன்னா? எங்கன்னு சொன்னாளா?"

"அதைக் கேக்கலண்ணே."

"தொள்ளாயிரம் கிலோமீட்டர் போனவன் அதைக் கேட்டா என்னடா?"

உள்ளே இருந்து குரல் வந்தது. "யாரு, லாரிக்காரத் தம்பியா? அன்னைக்கு அப்படியா பிரேக் போடுவ? ஒரு வண்டிப் புழுதி என் வாயிலதான்." லாரிக்காரர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலில் படுத்திருந்தவளையும் அவள் காலையும் பார்த்தார். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அவரை எழுப்பி வீட்டில் கொண்டுபோய் விட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதற்கப்புறம் எந்த ரோட்டிலும் யாராவது நடந்துபோனால் அவர் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறார்.

ஹாம்ஸ்டருக்கு ஆயுள் இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. இதை மகள் போனில் சொன்னபோதுதான் ஃபிட்டருக்குத் தெரிந்தது. போனை வைத்ததும் கூண்டருகே போய்ப் பார்த்தார். மேனேஜரின் முதுகில் முடி கொட்டியிருந்தது. கண்ணில் பூ விழுந்திருந்தது. எண்ணும் கருவியில் ஒன்பதாயிரம் ஏழாயிரமானது, ஏழாயிரம் இரண்டாயிரமானது. பிறகு ஒருநாள் நாற்பது சுற்று. அதற்கும் மறுநாள் சக்கரத்தில் ஏறி, ஜன்னலைப் பார்த்தபடி முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றது. மத்தியானம் தொட்டுப் பார்த்தால் விறைத்துவிட்டிருந்தது. பேரிங் வந்த அட்டைப்பெட்டியில் வைத்து வாசலில் புதைத்தார். உள்ளே வந்தபோது மீட்டரம்மா ஒரு பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அறைக்குள் காற்று இல்லை. அவள் முடி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

இங்கேதான் ஃபிட்டர் அடுத்த தப்பைச் செய்தார். ஓடுகிற ஆள் இல்லையென்றால் மோட்டார் வைப்பது ஆலை வழக்கம். தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றி, பெல்ட் போட்டு, சக்கரத்தில் மாட்டி, ஸ்விட்சைத் தட்டினார். நல்ல மோட்டார். சீராகச் சுற்றியது. சத்தமே இல்லை. பெருமையோடு திரும்பிப் பார்த்தார். மீட்டரம்மா கட்டிலின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

"நிக்க மாட்டேங்குது! உக்கார விட மாட்டேங்குது! நிறுத்துங்க, ஐயோ, இழுத்துக்கிட்டுப் போகுது!"

போர்வையில் ரத்தம் பரவியது. ஸ்விட்சைத் தேடிய கைக்கு ஸ்விட்ச் கிடைக்கவில்லை. ஓடுகிற பெல்ட்டை வெறும் கையால் பிடித்து அறுத்தார். உள்ளங்கைத் தோல் பெல்ட்டோடு போனது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறங்கி மூக்கைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்ததே அந்தப் பிராணி, அதை அவர் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தார். அது இவளுக்காகத்தான் இறங்கியது என்று சொல்ல முடியாது. அதற்கென்ன தெரியும்? ஆனால் அது இறங்கியதால்தான் இவள் இரண்டு வருஷம் நடந்தாள்.

மகள் புதிதாக ஒரு ஹாம்ஸ்டர் வாங்கி அனுப்பினாள். நல்ல வாட்டசாட்டமான ஜாதி. அது சக்கரத்தில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி இடம் பார்த்து, அதற்குள்ளேயே படுத்துத் தூங்கியது. மூன்று நாளும் அப்படியே. "யூனியன் தலைவரு" என்றாள் மீட்டரம்மா, பாலத்தின் மேல் காற்றில் கம்மிய குரலோடு. ஃபிட்டர் அதைத் தூக்கி வேறு பெட்டியில் விட்டார். பிறகு ஸ்டூலைக் கால்மாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டுப் போட்ட வலது கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சக்கரத்துக்குள் வைத்து, ஜன்னலைப் பார்த்தபடி, இரண்டு கால் மாதிரி நடக்க ஆரம்பித்தார்.

"யாரு ஓட்டறா?" என்றாள் அவள்.

"நான்தான்."

"ஏன் நொண்டற மாதிரி இருக்கு?"

ஆட்காட்டி விரலின் நுனி முப்பது வருஷத்துக்கு முன் ஆலைச் சங்கிலியில் போயிருந்தது. "இருக்கற காலு இதுதான். வந்தா வா" என்றார்.

எலியின் வேகம் மனுஷன் விரலுக்கு வராது. நாளுக்கு ஒன்றரை கிலோமீட்டர், விரல் முட்டி வலிக்காத நாளில் இரண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விரலை எடுத்துவிடுவார். அவள் உட்கார்வாள். விரல் நுனி காய்த்தது, நகத்துக்குள் அந்த ஊர்களின் புழுதி ஏறியது. பதினான்கு மாதம் இப்படிப் போனது. விரல் நடக்கும்போது பேசுவார்கள். முப்பது வருஷத்தில் பேசாததை எல்லாம் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் சண்டைதான். ஆனால் ஒருநாள் ஃபிட்டர், சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்.

"என்னை விட்டுட்டுத்தான் போறியா?"

"விட்டுட்டுப் போறவ கால் இருந்தப்பவே போயிருக்க மாட்டேனா? அப்ப விட்டுட்டு, இப்ப உங்க விரலைப் புடிச்சுக்கிட்டா போவேன்?"

"அப்ப எங்கதான் போற?"

"ரோடு போகுது, நானும் போறேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்."

அவர் அதை நம்பினாரா என்பது தெரியாது. விரலை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு வியாழக்கிழமை விடியும் நேரத்தில் அவள், "நிறுத்துங்க" என்றாள். "ரோடு முடிஞ்சிடுச்சு. முன்னாடி சுவரு."

"சுத்திப் போ."

"ரெண்டு பக்கமும் சுவருதான். மேல வரிசையா பாட்டில் உடைச்சு நட்டு வச்சிருக்கு. ஊரையே திருடன்னு நினைக்கிற ஜென்மம் எதுவோ கட்டியிருக்கு. எல்லாம் பச்சை பாட்டில். நடுவுல ஒண்ணே ஒண்ணு பழுப்பு."

ஃபிட்டரின் விரல் சக்கரத்துக்குள்ளேயே உறைந்தது. வீட்டின் பின்பக்கச் சுவரை அவர்தான் கட்டினார். அதன் மேல் கண்ணாடி நடும்போது பச்சை பாட்டில் ஒன்று குறைந்தது. இருமல் மருந்து பாட்டிலை உடைத்து நட்டார். பழுப்பு பாட்டில். வீட்டுக்கு முதுகு காட்டிப் போனவள் வீட்டின் முதுகுக்கு வந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வர வழி இல்லை.

சம்மட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். அறுபத்தெட்டு வயசு ஆள், தழும்பேறிய கை. முதல் அடியிலேயே பழுப்பு பாட்டில் விழுந்தது. இருபது அடியில் ஆள் நுழைகிற ஓட்டை விழுந்தது. எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் எப்போதும் இருக்கிற மர டெப்போதான் இருந்தது. அடுக்கிய கட்டை, சாக்கடை, பல் குச்சியோடு வாட்ச்மேன். ரோடு இல்லை. அவளும் இல்லை.

"என்ன பெரியவரே, காலங்காத்தால பைத்தியமா?" என்றார் வாட்ச்மேன்.

ஃபிட்டர் சம்மட்டியைப் போட்டுவிட்டு அறைக்குத் திரும்பினார். கட்டிலிலிருந்து அவள் சொன்னாள்: "ஓட்டை தெரிஞ்சுது. உங்க மூஞ்சியும் தெரிஞ்சுது. சவரம் பண்ணி எத்தனை நாளாச்சு? வழியெல்லாம் கண்ணாடியாக் கிடக்கு, அதைக் கூட்டுங்க முதல்ல. எனக்குக் கால்ல செருப்பில்ல."

அவர் விளக்குமாற்றோடு போய்க் கூட்டினார், குனிந்து கையாலும் தடவிப் பார்த்தார், வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இன்னும் எத்தனை அடி என்று கேட்டார். இருபத்திரண்டு என்றாள். ஜன்னலைப் பார்த்தபடி ஒவ்வொரு அடியாக எண்ணி வைத்தார். பதினாறாவது அடியில் கட்டில் ஸ்பிரிங் பாரம் இறங்கியது போல் முனகி மேலே எழும்பியது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் விரல் தவறிவிடும் என்று பயம். பத்தொன்பதில் கொல்லைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கால் கழுவுகிற சத்தம். இருபத்திரண்டில் விரலை எடுத்தார். கட்டிலில் போர்வை இருந்தது, தலையணையில் பள்ளம் இருந்தது. மீட்டரம்மா அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்தபடி, வெயிலில் கறுத்து, ஈரக் காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

ஃபிட்டர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஏழு வருஷமா இந்த அடுப்படியை யாராவது துடைச்சாங்களா?" என்றாள் அவள். "ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

அவளுக்கு நடையில் லேசான நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்க்க மறுத்துவிட்டார். பின்பக்கச் சுவரைத் திரும்பக் கட்ட ஃபிட்டர் செங்கல் இறக்கினார், கட்டவில்லை. செங்கல் இப்போது துணி துவைக்கிற மேடை. இடுப்பு விழுந்த தையல்காரர் ஒருவர் அடுத்த தெருவில் கிடந்தார். அவர் கட்டிலிலும் ஃபிட்டர் ஒரு சக்கரத்தைப் பூட்டிவிட்டு வந்தார், மட்டம் பார்த்து. பிறகு ரயில்வேக்காரரின் தங்கைக்கு. பிறகு கேட்ட எல்லோருக்கும். ஒவ்வொருவரிடமும், எலி இறங்கிப் பார்க்கும்போது விரட்டக் கூடாது, மோட்டார் வைத்தால் கையை உடைப்பேன் என்று சொல்லிவிட்டு வருவார். போன மாதம் தையல்காரர் அந்தச் சுவர் ஓட்டை வழியாகவே வந்து சேர்ந்தார், கால் நிறையக் கடல் மணலோடு. மர டெப்போ வாட்ச்மேன் இப்போது யாரையும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பதில்லை. கட்டையில் இடித்துக்கொள்ளாமல் வாருங்கள் என்கிறார், சுவரில் இருக்கிற ஓட்டையைக் கையால் காட்டுகிறார், திரும்பவும் பல் தேய்க்கிறார்.